ஜெபமணியின் டகோட்டா

"வண்ணம் முடியவே மாட்டேங்குது, டீச்சர்" என்றார் ஜெபமணி.

அவருக்கு வயது எண்பது. டீச்சர் ரஹ்மத்துக்கு முப்பத்து நாலு.

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பழைய விமானங்களின் நிறத்தையும் குறிகளையும் அச்சு அசலாகத் திரையில் தீட்டிக் கொடுப்பது ரஹ்மத்தின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள, பாளையங்கோட்டையில் இருக்கும் அவருடைய மாடி அறைக்குப் பதினோரு மாதமாகப் படியேறி வருகிறார் ஜெபமணி.

அவர் தீட்டுவது ஒரே ஒரு விமானம். இரண்டாம் உலகப் போரில் பர்மா மலைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோன ஒரு டகோட்டா.

ஜெபமணியின் அப்பா தேவாசீர் அதில் மூட்டை தள்ளுகிற சிப்பாய். மலைக்குள் இருந்த படைகளுக்கு மேலேயிருந்து மூட்டைகளைத் தள்ளிவிட வேண்டும்.

ஒரு நாள் அந்த விமானம் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஜெபமணி பிறந்தார். வீட்டில் மிஞ்சியது, அப்பாவும் அந்த விமானமும் இருக்கிற ஒரு போட்டோ.

"என்ன முடியலை?" என்று கேட்டார் ரஹ்மத்.

"அடிப்பக்கத்துச் சாம்பல் நிறத்தைப் போன வாரம் மாத்தினேன். இன்ஜின் புகைக்கறையை நாலு தடவை அழிச்சு வரைஞ்சேன். இன்னும் சரியா வரலை."

ரஹ்மத் திரையைப் பார்த்தார். மங்கிய பச்சை உடம்பு. பக்கவாட்டில் நீல வட்டம், அதற்குள் வெளிர்நீல வட்டம்.

"வட்டத்து நடுவில வழக்கமா இருக்கிற சிவப்பு ஏன் இல்லை?"

"ஜப்பான்காரனோட குறி சிவப்பு வட்டம். குழம்பிப்போய் நம்ம ஆளே நம்மளைச் சுட்டுடக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க."

"எல்லாம் சரியா இருக்கே. ஓட்டிப் பார்த்தீங்களா?"

ஜெபமணி மறுபடியும் புகைக்கறையைப் பெரிதாக்கினார்.

"ஐயா?"

"இல்லை. இன்ஜினைக் கிளப்புவேன். ஓடுபாதை வரைக்கும் கொண்டுபோவேன். அங்கேயே அணைச்சிருவேன்."

"ஏன்?"

"மேலே போனா திரும்பி வராதுன்னு தோணுது. கம்ப்யூட்டர்தான், தெரியுது. ஆனா மேலே ஏத்த மனசு வரலை, டீச்சர்."

ரஹ்மத் சிரிக்கவில்லை. திரையில் விமானத்தின் இடப்பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தக் கதவு எப்படி வந்துச்சு?"

"விமானம்னா கதவு இருக்கும்ல."

"மூட்டை தள்ளுற விமானத்துலயா?"

"போட்டோவில அந்த இடம் தெளிவா இல்லை."

"போட்டோவில உங்க அப்பா எங்கே உட்கார்ந்திருக்கார்?"

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிறவரை ஜெபமணி காத்திருந்தார்.

"கதவு இருக்க வேண்டிய இடத்துல" என்றார். "காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு."

ரஹ்மத் கதவை அழித்தார்.

பச்சை உடம்பில் கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்தது. ஜெபமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க, ஐயா."

விமானத்தை ரஹ்மத்தே மேலே ஏற்றினார். மழைமேகம் வைத்தார். அடியில் மலைகளை வைத்தார். பிறகு, விமானத்துக்குள் மூட்டைகள் இருக்கும் இடத்திலிருந்து தெரிகிற காட்சியைத் திரையில் கொண்டுவந்தார்.

வாசல் திறந்து கிடந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. வெளியே வெள்ளையாக மேகம் ஓடியது.

விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. வாசலில் வானம் காணாமல் போனது. காடு மட்டும் தெரிந்தது. அது மேலே ஏறி வந்தது.

"நிறுத்துங்க, டீச்சர்."

ரஹ்மத் நிறுத்தவில்லை.

ஜெபமணி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார்.

"பயமா இருக்கு. நிறுத்துங்க!"

ரஹ்மத், ஜெபமணி கொடுத்திருந்த அந்தப் போட்டோவைத் திரையின் மறுபாதியில் திறந்தார். பெரிதாக்கினார். முகத்தை அல்ல, இடது கையை.

தரையில் நிற்கிற விமானம். வெயில். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற முகம். ஆனால் அந்தக் கை வாசல் சட்டத்தைச் சுற்றி இறுகியிருந்தது. புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது.

இத்தனை வருடமும் ஜெபமணி முகத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

"அப்போ அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார் ரஹ்மத்.

"இருபத்து மூணு."

சொன்னவர் போட்டோவை நெருங்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை, மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "இருபத்து மூணு" என்றார்.

விமானம் மறுபடியும் சாய்ந்தது.

ஜெபமணி மேசையிலிருந்து கையை எடுத்தார். எட்டித் திரையில் தெரிந்த அந்தக் கையின் மேல் வைத்தார்.

"பயப்படாதேப்பா" என்றார்.