பாறைமேல் நின்ற நாரை

ஒரு காட்டில் ஏரிக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே செல்லும் ஒடுங்கிய பாதை அது. தண்ணீர் குடிக்கப் போகும் விலங்குகளும் குடித்துவிட்டுத் திரும்பும் விலங்குகளும் அங்கேதான் எதிரெதிரே வரும்.

பாறையின் உச்சியில் ஒரு நாரை நிற்கும். அது இடச் சிறகை விரித்தால் போகிறவை நிற்க வேண்டும். வலச் சிறகை விரித்தால் வருகிறவை நிற்க வேண்டும். யானைக்கும் அதே சட்டம்தான், முயலுக்கும் அதே சட்டம்தான். நாரை வந்த பிறகு ஆறு ஆண்டுகளாக அங்கே ஓர் எலிக்குஞ்சுகூட மிதிபட்டதில்லை.

நரிக்கு இது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் அந்தப் பாதையில் மிதிபட்டுச் செத்தவற்றைத் தின்றுதான் அது உடம்பை வளர்த்தது.

ஒரு கோடை நாளில் வரிசை நீண்டு நின்றது. பொறுமையில்லாத காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நரி மெல்ல அதன் அருகே போனது.

"பன்றி அண்ணே, உங்களை எதற்காக இப்படி வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறது இந்த நாரை?"

"மோதிக்கொள்ளக் கூடாதாம்."

"இந்த ஆறு ஆண்டுகளில் இங்கே யாராவது மோதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பன்றி யோசித்தது. "இல்லையே!"

"நடக்காத ஒன்றைத் தடுக்கவா இந்தக் காவல்?" என்று நரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

வரிசையே சிரித்தது. "என் குட்டி தாகத்தில் தவிக்கிறது. இது சிறகை விரித்து வேடிக்கை காட்டுகிறது!" என்றது மான்.

நாரை பதறிப்போனது. "ஐயோ, நான் நிறுத்துவதால்தான் மோதல் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!"

"அதிகாரத்தை விட மனம் வரவில்லை, பேச்சைப் பார்!" என்று பன்றி உறுமியது.

குரங்குகள் கல்லெறிந்தன. ஒரு கல் நாரையின் காலை முறித்தது. அது அலறிக்கொண்டு பறந்து போனது.

இரண்டு நாள்கள் எல்லா விலங்குகளும் நிற்காமல் போய் வந்தன. "நான் சொன்னேனா இல்லையா?" என்றது நரி.

மூன்றாம் நாள் ஏரியிலிருந்து எருமைக் கூட்டம் திரும்பியது. எதிரே பன்றிக் கூட்டம் புகுந்தது.

"பின்னால் போ!"

"நீ போடா!"

பின்னால் நின்றவை முன்னால் நின்றவற்றை நெட்டித் தள்ளின. நடுவில் மான்குட்டி சிக்கிக்கொண்டது. "அம்மா!" என்ற குரல் ஒரே ஒரு முறை கேட்டது.

கூட்டம் கலைந்தபோது குட்டி புழுதியில் அசையாமல் கிடந்தது. மான் அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது.

"இதற்கு யார் காரணம்?" என்று கேட்டது யானை.

"வேறு யார்? நாரைதான்! பொறுப்பில்லாமல் ஓடிப்போய்விட்டதே!" என்றது பன்றி.

எல்லாம் தலையாட்டின. நரியும் தலையாட்டியது. அதன் கண் மட்டும் குட்டியின் மேலேயே இருந்தது.

செய்தி கேட்டு நாரை திரும்பி வந்தது. ஒற்றைக் காலை ஊன்றிப் பாறைமேல் நின்று சிறகை விரித்தது. யானை நின்றது, எருமைகள் நின்றன, பன்றியும் நின்றது.

மான் மட்டும் அந்த வழியாக அப்புறம் வரவே இல்லை.

நீதி: ஆபத்து வராமல் காப்பவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்று அவரை விரட்டினால், ஆபத்துதான் கண்ணுக்குத் தெரியும்.