உப்பளக்காரர் வெட்டிய குளம்

கேளுங்கள், சொல்கிறேன். கப்பல்கள் பாய் விரித்து ஓடிய காலம். வெண்கரை என்ற கடலோர ஊரில் உமையொருபாகம் என்றோர் உப்பளக்காரர் இருந்தார். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் அவருடைய உப்புப் பாத்திகள். கடல் தாண்டியும் அவர் உப்பு போயிற்று.

அறுபது வயது நிறைந்த அன்று, "சேர்த்தது போதும், இனிக் கொடுக்கப் போகிறேன்" என்று எழுந்தார். உப்பளங்களைத் தம்பியிடம் ஒப்படைத்தார். வெண்கரையில் குடிநீருக்குத்தான் பஞ்சம். மேட்டு நிலத்தில் குளம் வெட்டத் துணிந்தார்.

"எப்படி வெட்டலாம்னு ஊரைக் கேப்போமா, அண்ணே?" என்றார் தம்பி.

"போடா! ஆயிரம் பாத்தி கட்டினவனுக்குக் குளம் ஒரு பெரிய காரியமா?"

அகல அகலமாக வெட்டினார். முழங்கால் ஆழம் போதும் என்றார். நிழல் விழுகிறதென்று கரை மரங்களைச் சாய்த்தார். ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. ஊரே குலவையிட்டது. மாசியில் வற்றிப்போயிற்று.

மறுவருடம் இன்னும் அகலமாக்கினார். குளம் நிறைந்தது. குலவை எழுந்தது. தை முடியுமுன்னே வற்றிப்போயிற்று!

ஊர் பொறுக்கவில்லை. சட்டி பானையை வண்டியில் ஏற்றிப் புறப்பட்டது. ஊரே இல்லாமல் போனால் குளம் யாருக்கு? உமையொருபாகம் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்.

முதல் வண்டியில் வடிவு இருந்தாள். அவர் அளத்தில் உப்பு வாரியவள்.

"வழி விடுங்க, முதலாளி! ஆயுசு பூரா தண்ணியை வத்தவச்ச கை. அது வேற என்ன செய்யும்?"

வண்டிகளில் சிரிப்பு வெடித்தது. அவருக்குச் சுரீரென்றது. திரும்பிக் குளத்தைப் பார்த்தார். பரந்த தரை, மட்டமான தரை, பொட்டு நிழலில்லாத தரை. ஐயோ! இரண்டு வருடமும் வெட்டியது குளமல்ல, உப்புப் பாத்தி!

"நில்லுங்க!" என்று கத்தினார். "இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நான் மண்ணு சுமக்கிறேன்."

"முதலாளி தலையிலே கூடையா? அதையும்தான் பாத்துட்டுப் போவோமே!" என்று வடிவு குதித்து இறங்கினாள்.

அவள் இறங்க, ஊர் இறங்கியது. கோடை முழுதும் அவருடைய உப்பு வண்டிகளே தொலைவிலிருந்து குடிநீர் சுமந்தன. ஊர் சொன்னபடி குளத்தைக் குறுக்கினார்கள், ஆள் முழுக ஆழமாக்கினார்கள், கரை நெடுக மரம் நட்டார்கள். அவர் தலையிலிருந்து கூடை இறங்கவேயில்லை.

மழை வந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனி வெயில் கொளுத்தியது. குளத்திலோ நீர் தளும்பி நின்றது!

வடிவு குடத்தை முக்கி எடுத்தாள். ஊருக்கே கொடுத்தவர் அவள் முன் குனிந்து, இரு கையும் ஏந்தி, வயிறு குளிரக் குடித்தார்.

கொடுக்கும் மனம் மட்டும் போதாது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பெறுகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.