இருநூற்று எண்பத்தைந்து தவறுகள்

"நான் நிறுத்திட்டேன்டி. மாசாமாசம் காசு எடுத்துட்டே இருந்தான். ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? பார்க்காததுக்கு எதுக்கு எடம்?"

"போட்டோ எல்லாம்?"

"போச்சு. என்ன இப்போ, நான் இருக்கேன்ல?"

நத்தம் போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண்கள் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அருணகிரி சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காலையில் அதில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. ஒன்று, போட்டோ, வீடியோ எல்லாம் இணையத்தில் சேமித்து வைக்கும் அவருடைய கிளவுட் சந்தா இன்னும் ஐந்து நாளில் தானாகப் புதுப்பிக்கப்படும் என்றது. இன்னொன்று, 'மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்' என்று சொல்லி, இறந்துபோன அவர் மனைவி சொர்ணத்தின் முகத்தைக் காட்டியது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி இழுத்தவர். ஓர் இடம் என்றால் அதற்கு நான்கு எல்லை இருக்க வேண்டும், மூலையில் கல் இருக்க வேண்டும். சொர்ணம் இருக்கும் அந்த இடத்துக்கு எல்லையும் இல்லை, கல்லும் இல்லை. எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மாதாமாதம் வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தூறலில் நனைந்தபடி இறங்கி நடந்தார்.

ஊருக்கு வெளியே இருந்தது அந்த இல்லம். ஞாபகம் தப்பிப்போனவர்களைக் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாலையில் வந்து அழைத்துப்போவார்கள். நடத்தியவர் மரியபுஷ்பம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எல்லோருக்கும் சிஸ்டர். அருணகிரிக்கு மகள் வயதுதான். ஆனாலும் அவரிடம் பேசும்போது அருணகிரி செருப்பைக் கழற்றிவிடுவார்.

சொர்ணம் இறந்து ஐந்தாம் மாதம் அவர் முதன்முதலாக இங்கே வந்தார்.

"என் சம்சாரத்த நாலு வருஷம் நான்தான் பார்த்துக்கிட்டேன், சிஸ்டர். எங்கேயோ பிசகிட்டேன். எங்கன்னு தெரியணும்."

"நகம் வெட்டத் தெரியுமா சார்?" என்றார் சிஸ்டர்.

அன்று முதல் நகம் வெட்டினார்.

இல்லத்தில் இரண்டே விதிகள். எதிரில் போய் உட்கார்ந்ததும் முதலில் உன் பெயரை நீயே சொல்லிவிட வேண்டும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது. வந்த முதல் வாரமே அருணகிரி இரண்டாவது விதியை மீறிவிட்டார். பேருந்து நடத்துநராக இருந்த ரத்தினசாமியிடம், "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டார். ரத்தினசாமி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். மாலைவரை நிமிரவில்லை.

சிஸ்டர் பூவாளியை எடுத்துவந்து அருணகிரியின் கையில் கொடுத்தார். ஒரு மாதம் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்த நாட்களிலும் ஊற்றினார். ஏன் என்று கேட்கவில்லை.

இன்று உள்ளே நுழைந்ததும் ரத்தினசாமி கை நீட்டினார்.

"எங்க எறங்கணும்?"

"நான் அருணகிரி. கடைசி ஸ்டாப்பு அண்ணே."

"எல்லாப் பயலும் இதையே சொல்றான். சில்லறையா வெச்சிருக்கியா?"

இல்லாத சில்லறையை அருணகிரி அந்தக் கையில் வைத்தார். ரத்தினசாமி அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றார்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் சிஸ்டர் ஈரத் துண்டுகளைக் கூடத்துக்குள் கட்டிய கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். அருணகிரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும், சிஸ்டர்."

"பதில் தெரியாததுதானே?"

"தெரியாது."

"அப்போ கேளுங்க."

அவர் சந்தாவைப் பற்றிச் சொன்னார். சொர்ணத்தின் வீடியோக்கள் முந்நூற்றுப் பதினொன்று அதில் இருக்கின்றன. நிறுத்தினால் கொஞ்ச நாளில் எல்லாம் அழிந்துவிடும். மருமகன் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். கையில் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"பார்ப்பீங்களா?"

"ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. ஆனா அவ எல்லாத்தையும் மறந்துட்டுப் போயிட்டா, சிஸ்டர். கல்யாணம், பொண்ணு பொறந்தது, நான், எல்லாம். மிச்சம் இருக்கறது அது மட்டும்தான். அதையும் நானே அழிச்சேன்னா..."

சிஸ்டர் துண்டை உதறினார்.

"நிறுத்தலாமா, வேண்டாமா?" என்றார் அருணகிரி.

"ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு போனைத் திறந்து கொடுத்தார். திரை நிறைய வரிசை வரிசையாகச் சொர்ணம். ஒவ்வொன்றின் கீழேயும் தேதி. தேதிக்குப் பக்கத்தில் ஒரு சொல். தவறு. தவறு. தவறு. எப்போதாவது ஒரு சரி.

"இது என்ன சார்?"

"டாக்டர் எப்படி இருக்காங்கன்னு கவனிச்சு வைங்கன்னார். கடைசி ஒரு வருஷம் தினமும் காலையில காபி குடிச்சதும் இது யாருன்னு கேப்பேன். சரியாச் சொன்னா சரின்னு எழுதுவேன். இல்லேன்னா தவறு. சரி இருபத்தாறு. மத்ததெல்லாம் தவறு. டாக்டர் ரெண்டோ மூணோதான் பார்த்தார். நான் விடல. பழக்கமாயிடுச்சு."

சிஸ்டர் விரலை வைத்த இடத்தில் ஒரு வீடியோ ஓடத் தொடங்கியது.

ஜன்னலோர நாற்காலியில் சொர்ணம். தலை சீவி, பொட்டு வைத்து, சுத்தமாக இருந்தாள். எல்லாம் அருணகிரி செய்தது. அவள் நேராகப் பார்த்தாள்.

"இது யாரு?" என்றது அவர் குரல்.

சொர்ணம் கண்ணைச் சுருக்கினாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு. யாரு?"

"சத்தம் வருது" என்றாள் அவள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். எதையோ தாண்டி எட்டிப் பார்ப்பதைப் போல. "ஆளக் காணோமே."

"சொர்ணம், விளையாடாத. எதிர்லதான நிக்கிறேன்? யாருன்னு சொல்லு."

"சத்தம் மட்டும் வருது." அவள் மறுபடி தலையைச் சாய்த்தாள். "ஆளக் காணோம்."

வீடியோ முடிந்தது. கீழே தவறு என்று இருந்தது.

கூடத்தின் மூலையில் ரத்தினசாமி யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல் வலுத்தது.

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார்."

அருணகிரி உட்கார்ந்தார். சிஸ்டர் அவருக்கு எதிரில் போய் நின்றார். அவருடைய போனைத் தன் முகத்துக்கு நேராக, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு?" என்றார்.

இந்த இல்லத்தில் பதில் தெரிந்த கேள்வி ஒன்றைச் சிஸ்டர் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எதிரில் போனின் கறுப்பு முதுகு இருந்தது. அதில் மூன்று கண்ணாடி வட்டங்கள் இருந்தன. இரண்டு பக்கமும் விரல்கள். அதற்கு மேலே கொஞ்சம் முடி. தன்னை அறியாமல் அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். யாரு?"

"சத்தம்..." என்று தொடங்கிய அருணகிரி நிறுத்திக்கொண்டார்.

சிஸ்டர் போனை இறக்கவில்லை.

அருணகிரி, "அவ சரியாத்தான் சொல்லிருக்கா" என்றார். "ஒரு வருஷமா, சிஸ்டர். தெனமும்."

சிஸ்டர் போனை அவர் மடியில் வைத்தார். மிச்சமிருந்த துண்டுகளை எடுத்துக் கொடியில் போட்டார். கடைசித் துண்டையும் போட்ட பிறகு சொன்னார்.

"எழுதினத மாத்திடுங்க."

"எத?"

"எல்லாத்தையும்."

அருணகிரி நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நிறுத்த வேண்டாங்கறீங்களா?"

"அத நான் சொல்லல."

"நிறுத்திட்டா இதெல்லாம் இருக்காதே. இருநூத்தி எண்பத்தஞ்சு இருக்கு. ஒவ்வொண்ணா மாத்தணும். அழியப்போறதுக்கு எதுக்கு சிஸ்டர்?"

காலி வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சிஸ்டர் நின்றார்.

"அடக்கம் பண்றதுக்கு முன்னாடி குளிப்பாட்டுவோம், சார்" என்றார்.

மறுநாளிலிருந்து அருணகிரி மதியச் சாப்பாட்டுக்குப் பின் ரத்தினசாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் விரல் தடித்தது. எழுத்துப் பலகையில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுந்தது. ஒரு தலைப்பைத் திறந்து, மூன்று எழுத்துகளையும் அழித்து, புதிதாக எழுதிச் சேமிப்பதற்குள் பல சமயம் இணைப்பு அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து செய்வார். வீடியோக்களைத் திறக்கவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்த முகத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்தார். முதலில் இருந்தவற்றில் அவளுக்குக் கன்னம் இருந்தது. போகப் போக இல்லை.

"என்ன, ரொம்ப நேரமா நோண்டற? பாஸா?" என்றார் ரத்தினசாமி.

"நான் அருணகிரி, அண்ணே. தப்பா எழுதிட்டேன். திருத்தறேன்."

"அது என் வேலையில்ல. டிப்போவுல போய்ச் சொல்லு."

மூன்றாம் நாள் மாலை மகள் போனில் அழைத்தாள். "அப்பா, நாலு தடவ கூப்பிட்டேன். என்னதான் பண்றீங்க?" என்றாள். "வேலையா இருந்தேம்மா" என்றார். நான்காம் நாள் விரலில் வலி எடுத்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஐந்தாம் நாள், மூன்று மணிக்கு மேல், கடைசி ஒன்று மிஞ்சியது. படுக்கையில் கிடந்த சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் தவறு என்று எழுதியிருக்கிறார்.

அதை அழித்துவிட்டுச் சரி என்று எழுதினார்.

சந்தா பக்கத்தைத் திறந்தார். ரத்து செய்யப் போனால் எதை எல்லாம் இழப்பீர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. கடைசிவரை படித்தார். அடுத்து, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டது. விலை அதிகம், இவ்வளவு இடம் தேவையில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன், பிற. பிற என்பதைத் தொட்டார். காரணம் எழுத ஒரு கட்டம் விரிந்தது. அதைக் காலியாக விட்டார். நிச்சயமாகவா என்றது.

"எறங்கணும்னா முன்னாடியே எந்திரிச்சு நிக்கணும்" என்றார் ரத்தினசாமி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அருணகிரி போனைத் தன் முகத்துக்கு நேரிலிருந்து இறக்கி, மடியில் வைத்தார். குனிந்து, அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் சொர்ணம். அருணகிரி. வந்திருக்கேன்."

பிறகு ரத்து செய் என்பதை அழுத்தினார்.