வலிக்கு விழுந்த கும்பிடு

"அம்மா, இந்த வலி போறதுக்கு ஒரு வழி சொல்லணும்."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. தோளில் கிடந்த பையை இறக்காமலே கேட்டுவிட்டாள் சொர்ணம்.

பேச்சியம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி தெரியாதுக்கா. இருக்கணும்னா இருங்க."

அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் அந்த மடம். ஒரு அம்மன், ஒரு கூடம், ஒரு அடுப்படி. போக்கிடம் இல்லாமல் வருகிற பெண்களுக்குச் சோறும் படுக்க இடமும் உண்டு. உபதேசம் உண்டா என்றால் அதுதான் இல்லை. பேருதான் பேச்சி, அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் அவளைத்தான் குரு என்பார்கள்.

வயதில் சொர்ணத்தைவிடச் சின்னவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மா என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

சொர்ணத்தின் வலிக்கு ஒரு பெயர் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் வளர்வது போன்ற ஒரு சவ்வு, வெளியே போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறதாம். மாசாமாசம் தூரம் வந்தால் அதுவும் சேர்ந்து ரணமாகும். டாக்டரம்மா நல்ல மனுஷி. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"இது சட்டுனு தீர்ந்துபோறது இல்லம்மா. மாத்திரை இருக்கு. ரொம்ப முடியலைன்னா ஆபரேஷன் இருக்கு. ஆனா கூட வச்சுக்கிட்டே வாழவும் பழகணும்."

அந்தப் பெயர் தெரியவே வருஷக்கணக்கானது. அதுவரைக்கும் வீட்டில் அந்த வலிக்கு வேறு பெயர்கள் இருந்தன. சோம்பல். நடிப்பு. கொழுப்பு.

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்குன்னு சொல்லுவாங்க," என்பாள் மாமியார். "இவளுக்குத்தான் பிள்ளையும் இல்லையே. அதான் வயித்துவலியச் சாக்குச் சொல்லுதா."

கட்டினவன் அதற்கு மேலே. "எங்கம்மா எத்தனை பெத்தா. ஒருநா வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பாளா?"

பெயர் தெரிந்த பிறகும் அதே பாட்டுதான். வாயில் நுழையாத பெயரை யார் நம்புவார்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மடத்தில் மந்திரம் ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தாள். முருங்கைக்கீரைதான் கிடைத்தது. பேச்சியம்மைக்கு எதிரில் உட்கார்ந்து அவளும் ஆய ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பூசைக்குப் பக்கத்து ஊர்ச் சனம் வரும். பாட்டு நடக்கும், மேளம் நடக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டின் நடுவில் சொர்ணத்துக்கு வலி வந்தது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே. வலியை முகத்தில் காட்டாதே என்று வீட்டில் பழக்கிவிட்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு நடுங்கியது. முன்னும் பின்னும் ஆடியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடைசியில் அடக்க மாட்டாமல் "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது.

பக்கத்தில் இருந்தவள் பூக்கட்டுகிற மாடத்தி. திரும்பிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் குலவை போட்டாள்.

"அம்மன் எறங்கிட்டா."

அப்புறம் கேட்க வேண்டுமா? கற்பூரம் வந்தது, திருநீறு வந்தது, வேப்பிலை வந்தது. ஒருத்தி ஓடிவந்து காலில் விழுந்து, காணாமல் போன தன் பசுவைக் கேட்டாள்.

"போ தாயி, போ," என்று சொர்ணம் கையை வீசினாள். கை வடக்கே நீண்டது. அந்தப் பொம்பளை வடக்கே போனாள். பசு வாய்க்கால் கரையில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஊருக்குக் காக்கா எதற்கு, பனம்பழம் போதும்.

மறுநாள் கீரை ஆயும்போது பேச்சியம்மை கேட்டாள்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"அம்மன் புண்ணியத்துல நல்லா இருக்கும்மா."

"உடம்பைக் கேட்டேன்."

சொர்ணம் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் கூட்டம் இரட்டித்தது. மாசத்துக்கு ஒருதரம் அம்மன் எறங்குதாம் என்று பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

சொர்ணம் மறுத்துச் சொன்னாளா? சொல்லவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் அவள் துடிக்கும்போது சுவரைப் பார்த்துத் தனியாகக் கிடப்பாள். அடுப்படியில் பாத்திரங்கள் ணங்கென்று விழுந்து அவளைத் திட்டும். இங்கே சுற்றி ஆள் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்கள். நடிப்பு என்று ஒருத்தர் சொல்லவில்லை. அந்தக் கும்பிடு இனித்தது அவளுக்கு. பாவம், இனிக்கத்தானே செய்யும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரே வந்துவிட்டாள். வேலைக்கள்ளி என்ற அதே வாய் "தாயே" என்றது. நெற்றி தரையில் பட விழுந்தாள்.

'அத்தை, அதே வலிதான் இது,' என்று சொல்லத் தொண்டைவரைக்கும் வந்தது. சொர்ணம் திருநீற்றை அள்ளி அந்த நெற்றியில் பூசினாள்.

ஆனால் அம்மன் பிழைப்பு லேசுப்பட்ட பிழைப்பில்லை. அம்மன் காலை மடக்கி ஒருச்சாய்த்துப் படுக்க முடியாது. வயிற்றில் வெந்நீர் வைத்துக்கொள்ள முடியாது. மாத்திரை போட முடியாது. வலி தொடங்கும்போதே போடு என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்ன மாத்திரை, பழைய சேலைக்குள் சுருட்டி ஒளித்துக் கிடந்தது. பூசை முடிந்து, கூட்டம் கலைந்து, அதை எடுத்து வாயில் போடுவதற்குள் வலி தலைக்கு மேலே போயிருக்கும். பிறகு நாள் முழுக்க எழுந்திருக்க முடியாது.

"சாமி வந்த உடம்புல்லா, அசதி இருக்கும்," என்று எல்லாரும் மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள்.

பேச்சியம்மை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் நடைக்கு முன்னால் பலகை போட்டு, சிவப்புப் பட்டு உடுத்தி, சொர்ணத்தை உட்கார வைப்பது. இனிமேல் மாதாமாதம் குறி கேட்பது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருதரம் பலகையில் உட்கார்ந்தவள் பிறகு இறங்கக்கூடாது. செத்தால்தான் இறக்கம்.

சேதி கேட்டதும் சொர்ணம் அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, எனக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலி."

"தெரியும்," என்றாள் பேச்சியம்மை.

சொர்ணத்துக்குச் சுருக்கென்றது.

"தெரிஞ்சிருந்தும் சும்மாவா இருந்தீங்க?"

"உங்க வலி. நான் எப்படிச் சொல்ல?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்களே."

"என்னை நம்புவாங்க."

சொர்ணத்துக்கு அழுகை வந்தது. அழுகையைப் பிடித்துக்கொண்டு கோபமும் வந்தது.

"வலின்னு நான் சொல்லாமலா இருந்தேன்? மாமியாகிட்ட சொன்னேன், கட்டினவர்கிட்ட சொன்னேன், பெத்தவகிட்ட சொன்னேன். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானேன்னுட்டாங்க. இங்க நான் வாயே தெறக்கல, கால்ல விழுதாங்க. சாமின்னா நம்புதாங்க, வலின்னா நம்ப மாட்டேங்காங்க. அப்ப நான் சாமியாவே இருந்துட்டுப் போறேன். என்ன இப்போ?"

"இருங்க."

"நெசமாவா சொல்லுதீங்க?"

"சிவப்புப் பட்டு உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

சொர்ணம் மூக்கைச் சிந்தினாள். அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்புத் திட்டில் சாய்ந்துகொண்டாள்.

"படுக்க முடியாதேம்மா."

"ஆமா."

"மாத்திரை போட முடியாது."

"ஆமா."

"சொன்னா பொய்க்காரின்னு தொரத்துவாங்க. மறுபடியும் நான் எங்க போவேன்?"

பேச்சியம்மை கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டாள். ஒரு படி போட்டாள். சொர்ணத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"சோறு இங்க உண்டுக்கா. சாமியா இருந்தாலும், இல்லாட்டாலும்."

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் கொள்ளாத சனம். பலகைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மாடத்தி ஆளுயர மாலை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மாமியார் முன்வரிசையில் இடம் பிடித்து, என் மருமகளாக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொர்ணத்துக்குக் காலையிலிருந்தே வலி. பட்டு உடுத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

அப்போது பேச்சியம்மை ஒரு பாயை இடுக்கிக்கொண்டு வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் விரித்தாள். தலைமாட்டில் ஒரு தலையணை வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"பாய்."

"அது தெரியுது. எதுக்கு?"

"கெடக்கட்டும்."

மேளம் முழங்கியது. சொர்ணம் பலகையைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து தொடைவரைக்கும் யாரோ பிடித்து முறுக்குவது போல இருந்தது. மாடத்தி கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள். சாமி வந்தவர்களிடம் முறைப்படி கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சொல்லு தாயே. உனக்கு என்ன வேணும்?"

கேட்கிற வழக்கந்தான். கோழி வேணும், பொங்கல் வேணும், கொடைவிழா நடத்தணும் என்று சாமிகள் சொல்லும். ஆனால் சொர்ணத்துக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய்த் தைத்தது. இத்தனை மாதமும் எல்லாரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் கேட்டார்கள். அதற்கு முன்னால், வலியோடு அவள் நிற்கையில், உனக்கு என்ன வேணும் என்று அவளை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"வெந்நி வேணும்," என்றாள்.

மேளம் நின்றது.

"குடிக்கவா தாயே?"

"வயித்துல வைக்க. எனக்குச் சாமி வரல மாடத்தி. ஒருநாளும் வரல. இது வலி. மாசாமாசம் உசுரு போய்ட்டு வருது. எனக்கு மாத்திரை போடணும். படுக்கணும்."

சொல்லிவிட்டு, பட்டுச் சேலையோடு பாயில் சாய்ந்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அவள் அப்படிப் படுத்தது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது.

"வயித்துவலியவா இத்தனை நாளும் கும்பிட்டோம்?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஆனாலும் பசு கெடச்சிச்சே," என்று ஒரு குரல்.

மாமியார் எழுந்து சேலையை உதறினாள். "நான்தான் அப்பவே சொன்னேம்லா, எல்லாம் நடிப்புன்னு."

அது சொர்ணத்தின் காதில் விழுந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்துவதற்கு உடம்பில் தெம்பில்லை.

பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளக்காரர்கள் போனார்கள். கூடம் காலியானது.

பேச்சியம்மை ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிக் கொண்டுவந்தாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். பாட்டிலை அடிவயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டாள் சொர்ணம். வலி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

"இனி ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க," என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "என்னால மடத்துக்கும் கெட்ட பேரு. இனிமே நான் என்ன செய்யணும்? அதையாவது சொல்லுங்கம்மா."

பேச்சியம்மை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூணோரம் மாடத்தி நின்றாள். அவள் போகவில்லை. ஒரு கையில் அணைந்துபோன கற்பூரத் தட்டு. இன்னொரு கை சேலைக் கட்டுக்குக் கீழே வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது.

"எனக்கும் உண்டும்மா," என்றாள். "சமஞ்ச நாள்லேருந்து உண்டு. பூக்கட்டும்போது குனிஞ்சே இருக்கேனா, அதனால ஒருத்தருக்கும் தெரியாது."

பேச்சியம்மை சொர்ணத்தின் முதுகில் கை வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா."