ராயப்பன் விட்டுக்கொடுத்த பலூன்

திருநெல்வேலி மருத்துவமனை ஒன்றில் பிரமநாயகி என்ற இதய மருத்துவர் இருந்தார். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால், அதிர்வலைப் பலூனை உள்ளே செலுத்தி, படிவை நொறுக்கி, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைப்பதில் கைதேர்ந்தவர்.

ஒருநாள் அங்கே அந்தப் பலூன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ராயப்பனுக்காக வரவழைத்தது. அவருடைய குழாயைச் சுற்றிச் சுண்ணாம்பு வளையமாகப் படிந்திருந்தது. சாதாரண பலூன் ஒருமுறை தோற்றுவிட்டது.

அதே காலையில் பிரமநாயகியின் அக்கா தன் கணவரை அழைத்து வந்தார். அவருக்கும் அடைப்புத்தான். ஆனால் சுண்ணாம்பு ஒரு பக்கம், அதுவும் லேசாக. சாதாரண பலூனே போதும்.

"அத்தானுக்குச் சாதாப் பலூனா? இருக்கதுலயே உசத்தியானதை வை" என்று அக்கா கண்கலங்கினார்.

பிரமநாயகி ராயப்பனிடம் போனார். "உங்களுக்கு வந்த பலூன் இன்னொருத்தருக்கு ரொம்ப அவசரமா வேணும். உங்களுக்கு நாலு நாள் தள்ளி வச்சுக்கலாமா?"

"உசிருக்குப் போராடுதவரை முதல்ல பாருங்கம்மா. நான் பொறுத்துக்கிடுதேன்."

பக்கத்தில் நின்ற செவிலியர் ஜெசிந்தாவுக்கு உண்மை தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பலூன் அத்தானுக்குப் போனது; அவர் நலமாக வீடு திரும்பினார். மூன்றாம் நாள் ராயப்பனுக்கு மாரடைப்பு. உயிர் தப்பினார், ஆனால் இதயம் வலுவிழந்துவிட்டது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு அந்த ஆளு பொழைச்சிட்டாராம்மா?" என்று கேட்டார்.

"பொழைச்சிட்டார்."

அவர் முகம் மலர்ந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நான் ஒரு உசிரைக் காப்பாத்தியிருக்கேன்" என்றார். அவர் மனைவி மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிரமநாயகிக்கு அதன்பின் அந்த வார்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை.

"உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றார் ஜெசிந்தாவிடம்.

"வேண்டாம் டாக்டர். அவருக்கு மிச்சமிருக்கது அந்தச் சந்தோசம் ஒண்ணுதான். நம்ம பாரம் இறங்கணும்னு அதையும் பிடுங்கலாமா?"

கதை கேட்டவர்களே, சொல்லத் துணிந்தவர், தடுத்தவர் இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: மருத்துவர் பக்கம்தான். ஜெசிந்தாவின் இரக்கம் மெய்யானது. ஆனால் தனக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ராயப்பனுடையது. மறைத்தால் தப்பிப்பது மருத்துவர் மட்டுமே. பிரமநாயகி நடந்ததை எழுதி மருத்துவமனைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, ராயப்பனிடமும் அவர் மனைவியிடமும் நேரில் சொன்னார். ராயப்பன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நான் மனசாரத்தான் குடுத்தேன். இனிமே எனக்கு வேற டாக்டரை வரச்சொல்லுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.