சொளகில் ஒதுக்கிய சோளம்

"வந்தேறிக்கு முளைப்பாரி கிடையாதுன்னுட்டாங்க, சாமி!"

சொர்ணக்கிளி ஓடைக்கரைத் துறவி ஓடைச்சாமியின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். பஞ்சத்தில் மலை தாண்டி வந்தவர் அவள் தகப்பன். அவளும் அவள் மகளும் பிறந்தது இந்த ஊரில்தான். ஆனாலும் அம்மன் திருவிழாவில் மகள் தானியம் முளைத்த பாரிச் சட்டியைச் சுமக்கக் கூடாதாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுகிறாள் மகள்.

"வந்தேறின்னா வந்தேறிதானே," என்றார் சாமி.

அவள் விருட்டென்று எழப் போனாள். இத்தனை வருஷம் இவர் காலடியில் கிடந்ததற்கு இதுவா பலன்?

அந்நேரம் பார்த்து அம்பலகாரர் சடையாண்டி மீசையை நீவிக்கொண்டு வந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் பாரிக்கு விதை மட்டும் ஓடைச்சாமி கையால்தான் வாங்க வேண்டும்.

சாமி அந்த வருஷத்து விதை முழுவதும் இருந்த சொளகைச் சொர்ணக்கிளி பக்கம் தள்ளினார்.

"சோளம், கம்பு, கேழ்வரகு, தட்டாம்பயறு. எல்லாத்தையும் ஒதுக்கு. அதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒதுக்கினாள். பாசிப்பயறும் உளுந்தும் கொள்ளும் மிஞ்சின.

அம்பலகாரர் பதறிப்போனார்.

"என்ன சாமி இது! சோளமும் கம்பும் இல்லாம பாரி எழும்புமா? பக்கத்து ஊர்க்காரன் கைகொட்டிச் சிரிப்பான்!"

"வந்தேறி விதையாச்சே, அம்பலம்."

"அது எந்தக் காலத்துலயோ வந்தது. இப்ப நம்ம சோளம்."

"எப்ப நம்மது ஆச்சு?"

"இதென்ன கேள்வி? இங்க முளைச்ச அன்னைக்கே!"

சொல்லிவிட்டு அவரே சொர்ணக்கிளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சோளத்துக்கும் முந்தி, அதே சீமையிலேர்ந்து ஆதி மனுஷன் ஒருத்தன் கடலோரமா நடந்தே வந்தான்," என்றார் சாமி. "அவன் உன் பாட்டனா, இவ பாட்டனா?"

அம்பலகாரரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

சொர்ணக்கிளிக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. ஒதுக்கிய குவியலை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்களுக்கு இது போதும், சாமி. வர்றேன்."

அம்பலகாரர் பின்னாலேயே ஓடினார்.

"தாயி, ஊருக்கும் ஒரு பிடி போடும்மா!"

அவள் நின்றாள். தலை நிமிர்ந்திருந்தது.

"தர்றேன்யா. முதல் பாரி என் மக எடுக்கிறா. ஊரைப் பின்னால வரச் சொல்லுங்க."