சாம்பியன் கோடு

“என் முட்டியைச் சரி பண்ணு” என்றாள் பொற்கொடி.

“முட்டி என் வேலை இல்லக்கா. சைக்கிளைக் கொண்டாங்க” என்றாள் ஷாஹிதா.

கோவையில் ஒரு சைக்கிள் கடை மாடி. ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்ப சைக்கிளைப் பொருத்திக் கொடுப்பது ஷாஹிதாவின் வேலை.

பொற்கொடி பல்கலைக்கழக டிரையத்லான் வீராங்கனை. நன்றாக நீந்துவாள், சைக்கிளில் பறப்பாள். இறங்கி ஓடும்போதுதான் இடது முட்டி உயிரை எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. அன்றும் நொண்டினால் அணியில் இடமில்லை.

அவள் மேலே தூக்கிவந்த அணி சைக்கிளின் சீட்டுக் கம்பியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு.

“இது என்னக்கா?”

“சாம்பியன் கோடு. எங்க சீனியர் ஒருத்தர் இந்த உயரத்துலதான் மெடல் அடிச்சார். அதுக்கப்புறம் இதை யார் ஓட்டினாலும் இதே உயரம்தான்.”

“அவர் உயரம்?”

“அஞ்சடி எட்டு.”

“நீங்க?”

“அஞ்சடி அஞ்சு. அதுக்கென்ன? டீம் பசங்க பொண்ணுக்கு எட்டாதுன்னானுங்க. எட்டிட்டேன்ல?”

ஷாஹிதா சைக்கிளை நகராத ஸ்டாண்டில் மாட்டினாள். “மிதிங்க.”

மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பாதம் கட்டைவிரல் நுனியால் பெடலைத் தேடியது.

“வலிக்குதா?”

“வலிக்காம எவ ஜெயிச்சிருக்கா?”

“இந்த வலி உங்களுக்கு எத்தனை செகண்ட் குறைச்சுக் குடுத்துது?”

பொற்கொடி எந்த விவாதத்திலும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

“நாலு நிமிஷம் கூடிப்போச்சு.”

ஷாஹிதா சீட்டில் கை வைத்தாள்.

“இறக்காதே! கோட்டுக்குக் கீழ போனா, பொண்ணுங்கன்னா இவ்வளவுதான்னு பேசுவானுங்க.”

“ஞாயித்துக்கிழமை அவங்களா ஓடப் போறாங்க?”

“என்னைவிட ரெண்டு வயசு சின்னவ நீ. எனக்கே பாடம் எடுக்கறியா?”

“நான் சின்னவதான். உங்க முட்டிதான் நம்ம ரெண்டு பேருக்கும் மூத்ததாயிடுச்சு.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள் பொற்கொடி. முடியவில்லை.

ஷாஹிதா திருகு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“எவ்வளவு இறக்கணும்?”

“எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

“இதென்ன அநியாயம்! அப்புறம் உங்கிட்ட எதுக்கு வந்தேன்?”

ஷாஹிதா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பொற்கொடி முணுமுணுத்துக்கொண்டே இறக்கினாள். வெள்ளைக் கோடு குழாய்க்குள் மறைந்தது. ஏறி மிதித்தாள். போதவில்லை. இன்னும் இறக்கினாள். தொடை எரிந்தது. கொஞ்சம் ஏற்றினாள். ஏழாவது தடவை இடுப்பு ஆடவில்லை.

அறையில் செயின் சுற்றும் சத்தம் மட்டும்.

“என்னக்கா, பேச்சையே காணோம்?”

“இரு. மூச்சு சீரா வருது.”

ஒரு மணி நேரம் மிதிக்க விட்டாள் ஷாஹிதா.

“இப்ப இறங்குங்க. நிக்காம ஓடுங்க.”

“எங்கே?”

“ரோடு இருக்கு.”

படிகளில் ஷூ சத்தம் தடதடவென்று இறங்கிப் போனது.

பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஷாஹிதா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

போன் அடித்தது.

“ஷாஹிதா, பேரூர் வந்துட்டேன்.”

“பேரூரா! அது ஆறு கிலோமீட்டராச்சே! முட்டி?”

“அதை விடு. எங்கே திரும்பணும்னு நீ சொல்லவே இல்லையே.”

“உங்க கால்கிட்டக் கேளுங்க.”

“கேட்டேன். இன்னும் போகலாங்குது.”